ஸ்டியரிங் கனக்கிறதா, கத்துகிறதா, விளக்கு எரிகிறதா? பவர் ஸ்டியரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு வொர்க்ஷாப்பில் எனக்கு வேலை. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஸ்டியரிங் பற்றிக் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். "ஸ்டியரிங் ஒரு மாதிரியா இருக்கு, எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. எப்போது கனக்கிறது, எந்த வேகத்தில், எஞ்சின் சூடாவதற்கு முன்பா பின்பா, இரண்டு பக்கமுமா ஒரு பக்கம் மட்டுமா என்று கவனித்துச் சொன்னால் பாதிக் கோளாறு பேச்சிலேயே பிடிபட்டுவிடும். அதைக் கேட்காமலேயே "ரேக் போச்சு" என்று சொல்கிற ஆளிடம் காரை விடாதீர்கள் (ரேக் என்பது முன் சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டு).

அண்ணே, என் கார்ல இருக்கிறது ஆயில் ஸ்டியரிங்கா எலெக்ட்ரிக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பானட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட சின்ன டேங்க் ஒன்று இருந்தால் அது ஆயில் வகை, அதாவது ஹைட்ராலிக். எஞ்சின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும், பம்ப் ஆயிலை அழுத்தி ரேக்குக்கு அனுப்பும், நீங்கள் திருப்புகிற பக்கம் அந்த அழுத்தம் தள்ளிக்கொடுக்கும். டேங்க் இல்லாமல், சாவி போட்டதும் மீட்டரில் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால் பெரும்பாலும் எலெக்ட்ரிக். அதில் ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது; ஒரு மோட்டார், நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார், இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் டேங்க்கைத் தேடவே வேண்டாம்.

நடுவில் ஒரு மூன்றாவது வகையும் உண்டு. ஆயில் இருக்கும், ஆனால் பம்பைச் சுற்றுவது பெல்ட் அல்ல, மின்மோட்டார். முதல் தலைமுறை மஸ்டா 3, சில ஐரோப்பியக் கார்கள் அப்படி. விற்பனைக்கு வந்த கார்களில் ஹைட்ராலிக் முதலில் வந்தது 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில். எலெக்ட்ரிக் 1988இல் சுஸுகியின் செர்வோ என்ற குட்டிக் காரில். இன்று இங்கே ஷோரூமிலிருந்து வெளியே வரும் புதுக் கார்களில் ஏறக்குறைய எல்லாமே எலெக்ட்ரிக்தான். ஆயில் வகை இருப்பது பெரும்பாலும் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டும் பழைய கார்களிலும் வேன், லாரிகளிலும்.

நேற்று வரைக்கும் நல்லா இருந்த ஸ்டியரிங் இன்னைக்குக் கனமா இருக்கு. முதல்ல எதைப் பார்க்கிறது?

டயரை. சிரிக்காதீர்கள், முன் டயர் இரண்டிலும் காற்று இறங்கியிருந்தால் எந்த ஸ்டியரிங்கும் கனக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும், பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம்.

காற்று சரி என்றால் ஆயில் வண்டியில் டேங்க்கைப் பாருங்கள், குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று. ஸ்டியரிங் கனத்த அதே நேரத்தில் மீட்டரில் பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அதனால் "வீடு வரைக்கும் சமாளிச்சு ஓட்டிடலாம்" என்று கிளம்பினால் எஞ்சின் கொதித்து, சில நூறு வெள்ளியில் (டாலரில்) முடிகிற வேலை எஞ்சின் வேலையாகிவிடும். அங்கேயே நிறுத்துங்கள். எலெக்ட்ரிக் வண்டி என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி, கீழே அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பிஐஇ விரைவுச்சாலையில ஓட்டிக்கிட்டு இருக்கும்போது பவர் ஸ்டியரிங் போயிட்டா கார் திரும்பவே திரும்பாதா?

திரும்பும். ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் நடுவில் இரும்புத் தண்டும் பல்சக்கரமும் இருக்கின்றன, பவர் என்பது கூடுதல் உதவி மட்டும்தான். விரைவுச்சாலை வேகத்தில் அந்த உதவி போனாலும் அவ்வளவாகத் தெரியாது, வேகம் குறையக் குறையத்தான் கை வலிக்கும். வெளியேறும் வழியில் இறங்கி வளைவில் மெதுவாகும்போது சட்டென்று கனப்பதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பதறிப்போகிறார்கள்.

இரண்டு கையாலும் பிடித்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, மெல்ல ஓரம் கட்டுங்கள். ஓடும்போது மட்டும் எஞ்சினை அணைக்காதீர்கள், பிரேக் உதவியும் சேர்ந்து போய்விடும். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் குறிப்பிட்ட கார் பார்க் வரைக்கும் இலவசமாக இழுத்துக்கொண்டு போய் விடும். அங்கிருந்து வொர்க்ஷாப்புக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

திருப்பும்போது 'ஊஊய்ங்'னு சத்தம் வருது. பம்ப் போச்சா?

ஒருவேளை போயிருக்கலாம், ஆனால் அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். எஞ்சினை வேகப்படுத்தினால் அந்த ஊளையும் சேர்ந்து ஏறுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது டேங்க்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ஆயில் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும்; காற்று புகுந்திருந்தால் மேலே நுரை நிற்கும், ஆயில் கலங்கி வெளிறிப்போய் இருக்கும்.

'கீச்'சென்று கூர்மையாக, அதிலும் மழை பெய்த காலையில் ஸ்டார்ட் செய்து திருப்பியதும் கத்தினால் அது பெல்ட் வழுக்குகிறது. அப்புறம், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி முட்டும் இடத்தில் 'ஸ்ஸ்' என்று வருவது கோளாறே இல்லை. அழுத்தம் மிஞ்சாமல் இருக்கப் பம்பில் ஒரு வால்வு திறக்கிறது, அதன் சத்தம் அது. ஆனால் அப்படியே ஐந்து பத்து விநாடி அமுக்கிப் பிடித்து நிற்காதீர்கள், ஆயில் கொதிக்கும். முட்டியதும் ஒரு துளி பின்னால் விட்டுவிடுங்கள்.

கையில கியர் ஆயில் இருக்கு, அதையே ஊத்தலாமா?

ஆட்டோ கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப்பைச் சொல்கிறீர்கள் என்றால், வண்டியைப் பொறுத்தது. பழைய டொயோட்டா பலவற்றில் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான் ஸ்டியரிங்குக்கும். ஹோண்டாவில் அது கூடாது, அவர்களுடைய ஸ்டியரிங் ஆயில் தனி. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்குப் பச்சை நிறத்தில் வரும் பென்டோசின் வகை. மூடியிலேயே எழுதியிருக்கும், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். தப்பான ஆயில் ஊற்றினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. ரப்பர் சீல்கள் ஊறி உப்பியோ இறுகியோ போய்ச் சில மாதம் கழித்து ஒழுக ஆரம்பிக்கும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. பிரேக் ஆயிலை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் ஊற்றாதீர்கள்.

கார் நிறுத்துற இடத்துல சொட்டு சொட்டா ஈரம். பவர் ஸ்டியரிங் ஆயிலா?

இந்த ஊரில் காருக்கு அடியில் இருக்கும் ஈரத்தில் முக்கால்வாசி ஏர்கான் தண்ணீர். ஒரு வெள்ளைத் தாளையோ டிஷ்யூவையோ போட்டு ஒற்றியெடுங்கள். நிறமில்லாமல் காய்ந்துபோனால் தண்ணீர். இளஞ்சிவப்பாக இருந்து விரலில் வழுக்காமல் தண்ணீர் மாதிரி ஓடினால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்), டொயோட்டாவில் அது அந்த நிறம்தான். சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்து விரலிடுக்கில் எண்ணெயாக வழுக்கினால் ஸ்டியரிங் ஆயில் அல்லது கியர் ஆயில். டேங்க்கில் அளவு குறைந்திருந்தால் எது என்று தெரிந்துவிடும்.

தரையில் ஒன்றுமே சொட்டாமல் ஆயில் மட்டும் குறைகிறது என்று சிலர் குழம்புவார்கள். ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். உள்ளே சீல் போனால் ஆயில் முதலில் அந்த உறைக்குள் தேங்கும். வண்டியைத் தூக்கி அந்த உறையை விரலால் அமுக்கினால் உள்ளே தளும்புவது தெரியும், கிளிப்பைத் தளர்த்தினால் கொட்டும். அப்படிக் கொட்டினால் ரேக் வேலை உறுதி. மேலே ஹோஸ் இணைப்பில் மட்டும் ஈரம் என்றால் ஹோஸோ ஒரு சின்ன ரிங்கோ மாற்றினால் போதும். அதனால் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

லீக்கை நிறுத்துற மருந்து பாட்டில் விக்கிறாங்களே, ஊத்தலாமா?

இறுகிப்போன சீலைக் கொஞ்சம் உப்பச் செய்யும், ஒழுகல் கொஞ்ச நாள் குறையும். கிழிந்த ஹோஸுக்கும் தேய்ந்த தண்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. இரண்டு மாதத்தில் ஸ்கிராப்புக்குப் போகப்போகிற வண்டி என்றால் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஆயில் நிரப்பிட்டேன், ஒழுகலும் இல்லை, ஆனா சத்தம் போகலையே?

காற்று இன்னும் உள்ளேயே இருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல், ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகப் பத்து இருபது தடவை திருப்ப வேண்டும். குமிழி வந்துகொண்டே இருக்கும், ஆயில் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் எஞ்சினை ஓட்டி இன்னும் சில தடவை. நேராக ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் ஆயிலையும் அடித்து நுரையாக்கிவிடும், அப்புறம் நுரை அடங்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் செய்தும் நுரை திரும்பத் திரும்ப வந்தால், டேங்க்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைச் சந்தேகியுங்கள். அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சுகிற பக்கம், அங்கே இணைப்பு தளர்ந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். சொட்டு இல்லை, சத்தம் உண்டு என்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான். சில டேங்க்குகளின் அடியில் ஒரு வலை இருக்கும், பல ஆண்டு அழுக்கில் அது அடைத்துக்கொண்டாலும் பம்ப் இதே மாதிரிதான் ஊளையிடும். டேங்க் மாற்றுவது பம்ப் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

காலையில நல்லா இருக்கு, ஜாம்ல ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்தா கனக்குது. ஏன்?

ஆயில் வண்டியா? சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், தேய்ந்த பம்பால் நீர்த்த ஆயிலை அழுத்த முடியாது. கனக்கும் அந்த நேரத்திலேயே நியூட்ரலில் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் வேகப்படுத்தித் திருப்பிப் பாருங்கள். உடனே லேசானால் பம்ப் பலவீனம், அல்லது பெல்ட் தளர்வு. லேசாகவில்லை என்றால் ரேக்கையும் ஸ்டியரிங் தண்டின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். குளிர்காலக் காலையில் கனக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள், நமக்கு அது பொருந்தாது. இங்கே சூடுதான் எதிரி.

எலெக்ட்ரிக் ஸ்டியரிங் விளக்கு எரியுது, எஞ்சினை அணைச்சுப் போட்டா போயிடுது. விட்டுடலாமா?

விட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஸ்டியரிங் மோட்டார் நின்ற இடத்தில் திருப்பும்போது பல பத்து ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் அந்த நொடியில் வோல்ட் சரியும், கம்ப்யூட்டர் பயந்து உதவியை நிறுத்தி விளக்கைப் போடும். நம் வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டு உழைத்தாலே பெரிய விஷயம். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5. மீட்டரைப் பேட்டரியில் பிடித்தபடியே ஒருவரை ஸ்டியரிங்கை முட்டும் வரை திருப்பச் சொல்லுங்கள். எண் 11க்குக் கீழே குதித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். டெர்மினலில் பச்சை பூத்திருந்தாலும், உடம்போடு சேரும் எர்த் ஒயர் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். ஹைபிரிட் ஓட்டும் தனியார் வாடகைக் கார் அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, பல மாடல்களில் பின்னால் டிக்கியில் ஒளிந்திருக்கும்.

பேட்டரி நல்லது என்றால் ஸ்கேன் செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கும் மலிவான ஓபிடி கருவி, அதாவது கோளாறுக் குறியீடு படிக்கும் கருவி, பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை (கோடு) மட்டும் படிக்கும், அவை பி என்று தொடங்கும். ஸ்டியரிங்கின் கோடுகள் சி என்று தொடங்கும், கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு அறுந்தால் யு. "ஸ்கேன் பண்ணேன், ஒண்ணும் இல்ல" என்று நிறையப் பேர் சொல்வது இதனால்தான்.

இறுக்கமான பார்க்கிங் லாட்டுல பத்துத் தடவை முன்னே பின்னே எடுத்தா ஸ்டியரிங் கனக்குது, கொஞ்சம் கழிச்சு தானா சரியாகுது?

மோட்டார் சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. எலெக்ட்ரிக் வண்டிகளில் இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு, ஆறியதும் சரியாகும். வண்டியைத் துளி நகர்த்திக்கொண்டே திருப்பினால் மோட்டாருக்கும் டயருக்கும் நல்லது. ஆனால் இரண்டே திருப்பலில் இப்படி ஆனால் அது சூடு இல்லை, மேலே உள்ள பேட்டரி பதிலுக்குப் போங்கள்.

பேட்டரி மாத்தினதும் விளக்கு வந்துச்சு. கடைக்காரர் கெடுத்துட்டாரா?

இல்லை. மின்சாரம் துண்டித்ததும் ஸ்டியரிங் கோண சென்சார் நடுவை மறந்துவிடும். பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்து இடது முனை, வலது முனை என்று முழுசாகத் திருப்பி, நேராக வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் விளக்கு அணையும். அணையாவிட்டால் ஸ்கேனரில் நடுவைப் பதிய வேண்டும். சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்த பிறகு விளக்கு வந்தாலும் இதேதான்.

வேகத்தடை ஹம்ப் ஏறும்போது 'டக் டக்'னு கைக்குத் தெரியுது. இதுவும் பவர் ஸ்டியரிங்தானா?

பெரும்பாலும் இல்லை. டை ராட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) முனை, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் ஆகிய சக்கரப் பக்கத்துப் பாகங்கள்தான் முதல் சந்தேகம். வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டச் சொல்லி, இன்னொருவர் குனிந்து டை ராட் மேல் கை வைத்தால் தளர்வு விரலில் துடிக்கும். பவர் ஸ்டியரிங்கிலேயே இப்படிச் சத்தம் தருவது என்றால், சில கொரியக் கார்களில் ஸ்டியரிங் தண்டு மோட்டாருக்குள் இருக்கும் நட்சத்திர வடிவ ரப்பர் கப்ளிங். கையளவுகூட இல்லாத சின்னத் துண்டு, விலையும் சில வெள்ளிதான், ஆனால் மோட்டாரைக் கழற்றி மாட்டும் கூலி உண்டு. அந்தத் துண்டு தேய்ந்ததற்கு மொத்த ஸ்டியரிங் தண்டுத் தொகுதியையே மாற்றச் சொல்லும் ஆட்களும் உண்டு. கூசாமல் "கப்ளிங் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

வண்டி இடது பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் பண்ணியும் போகலை.

முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஒரே திசையில் சுற்ற வேண்டிய வகை டயர் என்றால் இதைச் செய்ய முடியாது. இழுக்கும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். மாறாவிட்டால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முன் சக்கரங்கள் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதுவும் இல்லை என்றால் இப்போது ஸ்டியரிங். முன் சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி, ஸ்டியரிங்கைத் தொடாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் வண்டியில் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் திரும்பினால் ரேக்கில் இருக்கும் வால்வு கெட்டுவிட்டது. எலெக்ட்ரிக்கில் அதே மாதிரி நடந்தால் டார்க் சென்சாரின் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது, சில நேரம் ஸ்கேனரில் மறுபடி பதிந்தாலே சரியாகும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் செய்து பார்க்கிறவர்கள் குறைவு.

திடீர் வெள்ளத்துல ஓட்டிட்டேன், மறுநாள் ஸ்டியரிங் விளக்கு.

மோட்டார் ரேக்கிலேயே கீழே இருக்கும் வகை என்றால் கவலைப்பட வேண்டியதுதான். அந்த ரப்பர் உறை கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் மோட்டாரையும் சென்சாரையும் அரிக்கும், சில வாரம் கழித்துத்தான் தெரியவரும். ஸ்டியரிங் தண்டில், அதாவது டாஷ்போர்டுக்குக் கீழே மோட்டார் இருக்கும் வகை தப்பித்துவிடும். உறையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கே திறந்து உலர்த்த வேண்டும்.

ரேக் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. சிஓஇ முடிய ஒன்றரை வருஷம்தான் இருக்கு. செய்யலாமா?

முதலில் ரேக்தான் என்பதற்கு மேலே சொன்ன ஆதாரம் எதையாவது காட்டச் சொல்லுங்கள்: உறைக்குள் ஆயில், தானாகத் திரும்புவது, சி கோடு. பத்தாண்டில் வண்டியை ஒப்படைத்து, அதற்கு அரசு தரும் பார்ஃப் தள்ளுபடி வாங்கப்போகிறீர்கள் என்றால் புது ரேக் வீண். ஸ்கிராப் வண்டியிலிருந்து எடுத்ததோ ரீகண்டிஷன் செய்ததோ போதும். ஆயில் ரேக்குக்கு இது நல்ல வழி. எலெக்ட்ரிக் ரேக்கில் அதே மாடல், அதே பார்ட் எண் பார்த்து வாங்கி, மாட்டிய பிறகு ஸ்கேனரில் பதிவும் செய்து தருவதாக முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிஓஇ புதுப்பித்து இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் நான் புதுசுதான் போடுவேன். பத்தாண்டு தாண்டினால் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை, ஸ்டியரிங் தளர்வையும் அதில் பார்ப்பார்கள்.

மலேசியாப் பக்கம் ஜோகூர்ல செஞ்சா பாதி விலைதானே?

கூலி மலிவுதான், பழைய கார்களை வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடைகளில் சாமானும் கிடைக்கும். ஆயில் ஹோஸ், பம்ப் மாதிரி வேலைக்குப் போகலாம். ஆனால் கனக்கும் ஸ்டியரிங்கோடு எல்லைப் பாலமான காஸ்வேயில் ஊர்ந்து பாருங்கள், பவர் உதவி அதிகம் தேவைப்படுவதே அந்த வேகத்தில்தான். எலெக்ட்ரிக் வேலையில் விளக்கு மறுபடி வந்தால் திரும்பவும் பாலம் தாண்டி, சிங்கப்பூர் விதிப்படி டேங்க்கில் முக்கால் பாகம் பெட்ரோலோடு வரிசையில் நிற்க வேண்டும். எங்கே செய்தாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.